மீன் சூலகச் செல் வளர்ப்பு: குடுவையில் கடைசியாக மிஞ்சுவது எந்தச் செல்?

கெண்டைக்குட்டி:

எல்லாருக்கும் வணக்கம். கெண்டை மீனின் சூலகத்தை எடுத்துச் செல் வளர்ப்பு செய்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். 1 மி.மீ. அளவுக்குத் துண்டு துண்டாக நறுக்கி, குடுவையின் அடியில் ஒட்டவைக்கும் முறைதான். மீடியா, அதாவது செல்லுக்கான ஊட்டத் திரவம், எல்-15 வகை. அதில் 20 சதவீதம் எப்பிஎஸ் என்ற கன்றுக் கருச் சீரம், வெப்பநிலை 28 டிகிரி.

முதலில் துண்டுகளின் ஓரத்தில் பலகோணச் செல்கள் கூட்டமாகக் கிளம்பின. பார்க்கவே அழகாக இருந்தது. அப்புறம் இரண்டு முனையும் கூர்மையான நீளச் செல்கள் எங்கிருந்தோ வந்து அவற்றைச் சுற்றி வளைத்துவிட்டன. டிரிப்சின் நொதி போட்டுப் பிரித்துப் புதுக் குடுவைக்கு மாற்றி, அப்படிச் சில பாசேஜ் தாண்டியதும் குடுவை முழுக்க நீளச் செல்கள்தான், சுழல் சுழலாக அடுக்கி நிற்கின்றன. வளர்ச்சி என்னவோ பிரமாதம்.

எனக்கு வேண்டியது எஸ்ட்ராடையால் என்ற பெண் ஹார்மோன் சுரக்கும் செல்கள். நீரில் கலக்கும் வேதிப்பொருள் ஏதாவது மீனின் ஹார்மோனைக் குழப்புகிறதா என்று குடுவையிலேயே பார்க்க ஒரு சோதனை அமைக்க நினைக்கிறேன். இந்த நீளச் செல்களை இன்னும் 'சூலகச் செல்' என்று சொல்லலாமா? இன்னொரு தொந்தரவும் உண்டு. மீடியாவில் எண்ணெய்ப் பசையாக ஏதோ மிதந்துகொண்டே இருக்கிறது.

பழைய பிளாஸ்க்:

சொல்லலாம், ஆனால் ஊர்ப்பெயர் சொல்வதுபோல்தான். எங்கிருந்து வந்தது என்று தெரியும், என்ன வேலை செய்கிறது என்று தெரியாது.

சூலகத்தில் என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். பல பருவங்களில் முட்டைச் செல்கள். ஒவ்வொன்றையும் ஒட்டிச் சுற்றிக் கிரானுலோசா அடுக்கு, அதற்கு வெளியே தீக்கா அடுக்கு. இவற்றை எல்லாம் தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசு, அதில் பைப்ரோபிளாஸ்ட் என்ற நீளச் செல். ரத்தக் குழாய், ரத்தச் செல், மேலுறைச் செல். இத்தனையையும் ஒரே குடுவையில் போட்டுச் சீரம் ஊற்றினால், வேகமாகப் பெருகுகிறவன் மற்றவர்களை ஓரங்கட்டுவான். சீரம் என்பதே காயம் ஆற வேண்டிய நேரத்தில் கசிகிற திரவம். அதில் இருக்கும் வளர்ச்சிக் காரணிகளைக் கண்டதும் முதலில் துள்ளி எழுவது பைப்ரோபிளாஸ்ட்தான். கிரானுலோசா பெருகினாலும் மெதுவாகத்தான். முட்டைச் செல் பெருகவே பெருகாது, அது பெருகும் கட்டத்தைத் தாண்டி குரோமோசோமைப் பாதியாக்கும் மியோசிஸ் பிரிவுக்குள் போய்விட்ட செல். நீங்கள் பார்த்த பலகோணக் கூட்டம் கிரானுலோசாவாக இருந்திருக்கலாம், மேலுறைச் செல்லாகவும் இருந்திருக்கலாம். கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இது உங்கள் குடுவைக்கு மட்டும் நேர்ந்ததில்லை. நிலையாக வளர்ந்த முதல் மீன் செல் வரிசையே, அதாவது குடுவையில் தொடர்ந்து பெருகிக்கொண்டே போகும் செல் கூட்டமே, இனப்பெருக்க உறுப்பிலிருந்து வந்ததுதான். ரெயின்போ டிரவுட் மீனின் இனவுறுப்புத் திசுவிலிருந்து கென் உல்ஃபும் குவிம்பியும் உருவாக்கி 1962இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆர்டிஜி-2. அதன் பெயரில் இருக்கும் 'ஜி' அந்த இனவுறுப்பைத்தான் குறிக்கிறது. செல்லைப் பார்த்தால் பைப்ரோபிளாஸ்ட் வடிவம். 20 டிகிரியில் சாதாரணமாக வளரும், அதைவிடக் குளிரிலும் தாக்குப்பிடிக்கும். அறுபது ஆண்டுக்கு மேலாக உலகம் முழுக்க ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கிறது. அதை வைத்து முட்டையைப் பற்றிப் படித்தவர்களைவிட வைரஸைப் பற்றிப் படித்தவர்கள்தான் அதிகம்.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனிதனின் சாதாரணச் செல்லை எடுத்து வளர்த்தால் ஒரு கட்டத்தில் களைத்து நின்றுவிடும். மீன் செல்கள் பல நேரங்களில் யாரும் எதுவும் செய்யாமலேயே நிரந்தர வரிசையாக மாறிவிடுகின்றன. வளர்ந்த மீனின் பல திசுக்களில் குரோமோசோம் முனைகளைத் தேயாமல் காக்கும் டெலோமரேஸ் நொதி தொடர்ந்து வேலை செய்வதை அதற்கு ஒரு காரணமாகச் சொல்வார்கள். வசதிதான். ஆனால் அப்படி நிரந்தரமாவது யார் என்பதுதான் சிக்கல்.

வைரஸ் வேட்டை:

பழைய பிளாஸ்க் ஐயா சொல்வது சரி. ஆனால் ஏதோ குறையைச் சொல்வதுபோலச் சொல்கிறார், அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. எங்களுக்கு அந்த நீளச் செல்தான் சோறு போடுகிறது.

சேனல் கெளுத்தியின் சூலகத்திலிருந்து பவுசரும் பிளம்பும் 1980இல் வெளியிட்ட சிசிஓ வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். கெளுத்திக் குஞ்சுகளைக் கொத்துக் கொத்தாகச் சாகடிக்கும் ஹெர்பிஸ் வகை வைரஸைப் பிடிக்க அது முக்கியமான செல். நோய்வாய்ப்பட்ட குஞ்சின் திசுவை அரைத்து, வடிகட்டி, செல் விரிப்பின் மேல் ஊற்றினால் போதும். வைரஸ் இருந்தால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, எல்லை கரைந்து, பல உட்கருக்கள் கொண்ட பெரிய செல்லாகத் திரளும். அப்புறம் விரிப்பில் ஓட்டை விழும். இதற்கு அந்தச் செல் எஸ்ட்ராடையால் சுரக்கிறதா என்று எனக்கு என்ன கவலை? வைரஸ் நுழைய வேண்டும், பெருக வேண்டும், சிதைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான்.

ஜப்பானிய விலாங்கின் சூலகம், புல்கெண்டையின் சூலகம் என்று இன்னும் வரிசைகள் உண்டு. சூலகத்தையே தேடிப் போவதற்கு நடைமுறைக் காரணம் இருக்கிறது. உடலுக்குள் மூடிக் கிடக்கும் உறுப்பு, தோல், செவுள், குடல் மாதிரி கிருமி மொய்க்காது. எடுக்க எளிது, திசுவும் நிறையக் கிடைக்கும்.

கெண்டைக்குட்டி, உங்கள் நீளச் செல்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கெண்டை வைரஸ் ஏதாவது அதில் வளர்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.

கெண்டைக்குட்டி:

நன்றி ஐயா, நன்றி வைரஸ் வேட்டை. செல்லைத் தூக்கிப் போட மாட்டேன். ஆனால் எனக்கு வேண்டியது ஹார்மோன். ஹார்மோன் அளக்கும் எலைசா கிட் ஒன்று வைத்து மீடியாவில் எஸ்ட்ராடையால் அளந்தேன், கொஞ்சம் காட்டியது. அதனால்தான் நம்பிக்கை விடாமல் இருக்கிறேன். நீளச் செல்லாக மாறிய பிறகும் அதே அளவு காட்டுகிறது.

நுண்பை:

'மாறிய பிறகும் அதே அளவு' என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குச் சந்தேகம். செல்லே இல்லாத மீடியாவை அளந்தீர்களா?

எப்பிஎஸ் சீரத்திலேயே எஸ்ட்ராடையால் இருக்கும். கருவில் இருந்த கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது அது, ஸ்டீராய்டு இல்லாமல் எப்படி இருக்கும்? 20 சதவீதம் சீரம் போட்டால் நீங்கள் அளந்தது மாட்டின் ஹார்மோனாக இருக்க வாய்ப்பு அதிகம். செல் இல்லாத குடுவையில் அதே மீடியாவை அதே வெப்பநிலையில் அதே நேரம் வைத்து, இரண்டையும் ஒன்றாக அளவிடுங்கள். அளக்கப்போகும் நாளுக்கு முன் சாதாரண மீடியாவைக் கொட்டிக் கழுவிவிட்டு, கரித்தூளால் ஸ்டீராய்டு நீக்கிய சீரமோ சீரமே இல்லாத மீடியாவோ ஊற்றுங்கள். நிறங்காட்டியான பீனால் ரெட்டும் இல்லாத மீடியாவாக வாங்குங்கள். அதன் மாசுகளுக்கு மெல்லிய ஈஸ்ட்ரோஜன் குணம் உண்டு என்பது மார்பகப் புற்றுச் செல்களில் வேலை செய்தவர்கள் 1980களிலேயே கண்ட விஷயம்.

அடுத்தது, அடிப்படையில் ஒரு விஷயம். மீன் சூலகத்தில் எஸ்ட்ராடையாலை ஒரே செல் முழுசாகச் செய்வதில்லை. சால்மன் இன மீன்களில் நாகஹாமா குழு விளக்கிய இரண்டு செல் முறைதான் இங்கே அடித்தளம். தீக்கா அடுக்கு கொழுப்பிலிருந்து படிப்படியாக டெஸ்டோஸ்டிரோன் வரை கொண்டுவந்து நிறுத்தும். அதைக் கிரானுலோசா வாங்கி, அரோமடேஸ் நொதியால் எஸ்ட்ராடையாலாக மாற்றும். முட்டை முழு வளர்ச்சி அடைந்ததும் இதே கூட்டணி வேலையை மாற்றிக்கொள்கிறது. தீக்கா 17-ஆல்பா ஹைட்ராக்சி புரொஜெஸ்டிரோனைக் கொடுக்க, கிரானுலோசா அதை முட்டையை முதிரவைக்கும் ஹார்மோனாக மாற்றுகிறது. நாகஹாமாவும் அடாச்சியும் 1985இல் அடையாளம் கண்ட டிஎச்பி என்ற புரொஜெஸ்டின் அதுதான்.

ஆக, கிரானுலோசாவை மட்டும் சுத்தமாகப் பிரித்து வளர்த்தால்கூட எஸ்ட்ராடையால் தானாக வராது. நீங்கள் டெஸ்டோஸ்டிரோன் கொடுக்க வேண்டும். கொடுத்தபின் எஸ்ட்ராடையால் ஏறினால் அரோமடேஸ் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். ஏறவில்லை என்றால், குடுவையில் இருப்பது கிரானுலோசாவாக இருந்தாலும் அது தன் வேலையை மறந்துவிட்டது. உங்கள் நீளச் செல்லில் இந்தச் சோதனையை முதலில் செய்யுங்கள், பிறகு பேசலாம்.

கெண்டைக்குட்டி:

மேடம், செல் இல்லாத மீடியாவை அளந்தேன். நீங்கள் சொன்னதேதான். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று.

டெஸ்டோஸ்டிரோன் சோதனையும் செய்துவிடுகிறேன், ஆனால் விடை என்னவென்று இப்போதே ஊகிக்க முடிகிறது. அப்படியென்றால் கிரானுலோசாவைப் பிரித்து நீண்ட காலம் வளர்க்க வழியே இல்லையா?

நுண்பை:

நீண்ட காலம் எதற்கு? இந்தத் துறையில் எல்லாரும் 'வரிசை' என்ற ஒன்றின் மேல் மோகம் கொண்டு திரிகிறார்கள். உங்கள் கேள்விக்கு நிரந்தர வரிசையே வேண்டாம்.

என் யோசனை இது. சூலகத்தைத் துண்டாக்காமல் நுண்பைகளை, அதாவது முட்டையும் அதைச் சுற்றிய செல் அடுக்குகளும் சேர்ந்த முழு உருண்டைகளை, மெல்லிய இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். பொறுமை வேண்டும். ஒரே அளவுள்ளவற்றைச் சேர்த்து, சின்னக் கிண்ணங்களில் கிண்ணத்துக்கு இத்தனை என்று சமமாக வைத்து, ஒரு நாளைக்குள் சோதனையை முடித்துவிடுங்கள். தீக்கா, கிரானுலோசா, முட்டை மூன்றும் தத்தம் இடத்திலேயே இருக்கின்றன, பேச்சு அறுந்துபோகவில்லை. சூலகத்தைத் தூண்டும் எல்எச் போன்ற ஹார்மோனைக் கொடுத்தால் பதில் வரும். வேதிப்பொருள் அந்தப் பதிலைக் குறைக்கிறதா கூட்டுகிறதா என்று நேரடியாகப் பார்க்கலாம்.

பருவத்தைப் பார்த்து எடுங்கள். மஞ்சள் கரு சேரும் பருவத்து நுண்பைதான் எஸ்ட்ராடையாலுக்கு. முழுசாக வளர்ந்த நுண்பையில் அரோமடேஸ் அடங்கியிருக்கும், அது டிஎச்பி பக்கம் திரும்பிவிட்ட நுண்பை. இரண்டையும் கலந்து வைத்துவிட்டு 'முடிவு ஏறி இறங்குகிறது' என்று புலம்புகிற ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன்.

முதிர்ச்சியே உங்கள் கேள்வியாக இருந்தால் இன்னும் சுலபம், கண்ணாலேயே பார்க்கலாம். ஜீப்ரா மீனின் முட்டைச் செல் 0.7 மி.மீ. அளவை நெருங்கும்போது பால்போல் கலங்கலாக இருக்கும். டிஎச்பி கொடுத்த சில மணி நேரத்தில் நடுவில் இருந்த உட்கரு ஓரத்துக்கு நகர்ந்து கரைந்துபோகும். மஞ்சள் கருப் புரதங்கள் உடைந்து, முட்டை ஓரத்திலிருந்து கண்ணாடிபோலத் தெளிந்துகொண்டே வரும். கீழிருந்து ஒளி விட்டால் எது தெளிந்தது, எது தெளியவில்லை என்று எண்ணிவிடலாம். அந்த வேலைக்குப் பரிந்துரைத்த மீடியாவில் ஒரு வேடிக்கை. 90 சதவீத எல்-15, கார அளவு (பிஎச்) 9. சாதாரணமாக எந்தச் செல் வளர்ப்பவரும் பயந்து ஒதுங்கும் அளவு அது.

பசிக்காரன்:

ஆய்வாளர்கள் நடுவில் சாமானியன் ஒருவன் நுழைகிறேன், மன்னிக்கவும். குடுவையில் செய்த கேவியர் என்று செய்தி வந்துகொண்டே இருக்கிறதே. ஸ்டர்ஜன் மீனின் சூலகச் செல்லை எடுத்துத் தொட்டியில் பெருக்கினால் முட்டை முட்டையாகக் கொட்டாதா? இங்கே பேசுவதைப் பார்த்தால் நடக்காது போலிருக்கிறதே.

பழைய பிளாஸ்க்:

நல்ல கேள்வி. சாமானியன் என்று சொல்லிக்கொண்டு நேராக மையத்துக்கு வந்துவிட்டீர்கள்.

கேவியரில் நாம் சாப்பிடுவது பெரும்பாலும் மஞ்சள் கரு. அதைச் செய்வது சூலகம் இல்லை, கல்லீரல். சூலகம் எஸ்ட்ராடையாலைச் சுரந்து ரத்தத்தில் விடுகிறது. அதைக் கேட்ட கல்லீரல் வைட்டலோஜெனின் என்ற பெரிய புரதத்தை, கொழுப்பும் பாஸ்பேட்டும் ஏற்றி, ரத்தத்தில் அனுப்புகிறது. முட்டைச் செல் தன் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளால் அதைப் பிடித்து உள்ளே இழுத்து, வெட்டி, அடுக்கி வைத்துக்கொள்கிறது. குளிர்நீர் மீன்களில் இது மாதக்கணக்கில் நடக்கிற வேலை. அதனால் சூலகச் செல்லை மட்டும் தொட்டி நிறையப் பெருக்கினாலும் மஞ்சள் கருவுக்குச் சரக்கு வராது. கல்லீரல் செல், ஹார்மோன், ரத்த ஓட்டத்துக்கு ஈடாக ஒரு ஏற்பாடு, முட்டையைச் சுற்றிக் குலையாத செல் அடுக்கு, எல்லாம் ஒரே நேரத்தில் வேண்டும்.

செய்தியில் வருகிற நிறுவனங்கள் செல்களைப் பெருக்குகின்றன, அது உண்மையாக இருக்கலாம். பெருக்கிய செல்லைக் கூழாக்கி, வேறு பொருளால் செய்த உருண்டைக்குள் அடைத்தால் அது மீன் செல் இருக்கும் உருண்டை. முட்டை இல்லை. சாப்பிட நன்றாக இருக்கிறதா என்பது வேறு விஷயம், அதில் எனக்கு வாய் இல்லை.

மெடாக்கா ரசிகர்:

பழைய பிளாஸ்க் ஐயாவிடம் ஒரு திருத்தம் சொல்ல அனுமதி வேண்டும். 'முட்டைச் செல் பெருகவே பெருகாது' என்று முதல் பதிலில் எழுதினீர்கள். மியோசிஸுக்குள் போன செல்லுக்கு அது சரி. ஆனால் மீன் சூலகத்தில் அதற்கு முந்தைய ஆள் ஒருவர் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார், அவரைப் பற்றி யாருமே பேசவில்லை.

பாலூட்டிகளின் சூலகம் பிறக்கும்போதே கிட்டத்தட்ட முழுக் கையிருப்போடு வருகிறது. பல மீன்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில், சில லட்சக்கணக்கில் முட்டை இடுகின்றன. எங்கிருந்து வருகின்றன? மெடாக்கா மீனின் சூலகத்தில், முட்டைச் செல்லைக் கொடுக்கும் இனத் தண்டு செல்கள் தங்கியிருக்கும் தொட்டில் போன்ற இடங்களை நாகமுரா, தனாக்கா குழு 2010இல் 'சயன்ஸ்' இதழில் காட்டினார்கள். வளர்ந்த பெண் மீனிலும் அவை புதிய முட்டைச் செல்களைக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன.

அந்தத் தண்டு செல்லைக் குடுவையில் வளர்க்க முடியுமா? முடிந்திருக்கிறது. ஜீப்ரா மீனில் வோங், கொலோடி குழு 2013இல் வெளியிட்ட வேலையைத் தேடிப் படியுங்கள். கெண்டைக்குட்டிக்கு நேர்ந்த அதே தலைவலி அவர்களுக்கும் வரும் என்று தெரிந்து, அதற்கு அருமையான ஒரு தடுப்பு வைத்தார்கள். இனச் செல்லில் மட்டும் இயங்கும் ஒரு மரபணுத் தொடக்கியின் பின்னால் மருந்து எதிர்ப்பு மரபணுவையும் சிவப்பு ஒளிர் புரதத்தையும் பொருத்திய மீன்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றின் சூலகத்தைக் குடுவையில் போட்டு மருந்தை ஊற்றினால் பைப்ரோபிளாஸ்ட் உட்பட மற்றவை எல்லாம் செத்துவிடும், இனத் தண்டு செல் மட்டும் சிவப்பாக மிஞ்சும். அடியில் விரிப்பாக வைத்த துணைச் செல் எது தெரியுமா? அதுவும் சூலகத்திலிருந்து எடுத்ததுதான், வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கும்படி மாற்றியது. இங்கே எல்லாரும் திட்டுகிற அந்த 'மற்ற' சூலகச் செல்கள் சேவகம் செய்ததால்தான் தண்டு செல்கள் பல வாரங்கள் தாங்கின. பிறகு அவற்றை மலட்டு மீனுக்குள் பதித்து, குஞ்சும் எடுத்துவிட்டார்கள்.

பழைய பிளாஸ்க்:

திருத்தம் சரிதான், 'முட்டைச் செல்' என்று நான் எழுதியது மியோசிஸுக்குள் போனதை மட்டும்தான் குறிக்கும். ஆனால் உங்கள் கடைசி வரியைக் கவனியுங்கள். குடுவையில் வளர்ந்தது தண்டு செல். அது இனச் செல்லாக முதிர்ந்தது இன்னொரு மீனின் உடலுக்குள். பசிக்காரன் கேட்டது தொட்டியில் முட்டை. அது இன்னும் இல்லை என்பதில் நமக்குள் சண்டை இருக்கிறதா?

மெடாக்கா ரசிகர்:

சண்டை இல்லை. ஆனால் 'இன்னொரு மீனின் உடலுக்குள்' என்பதைக் குறையாகச் சொல்லாதீர்கள், அதுதான் இதில் பெரிய விஷயமே.

மீன் முட்டையை உறையவைத்துச் சேமிக்க முடியாது. பெரிய உருவம், உள்ளே மஞ்சள் கரு, நீரும் காப்புத் திரவமும் எளிதில் புகாத சவ்வு. எந்தப் பக்கம் போனாலும் முட்டுச்சந்து. விந்தைச் சேமிக்கலாம், ஆனால் தாய் வழி போய்விடும். தண்டு செல் சின்னது, அதை உறையவைக்கலாம். தோக்கியோவில் கோரோ யோஷிசாக்கி குழு இந்த வழியில்தான் போகிறது. மலடாக்கிய 'மாசு' என்ற வகை சால்மனுக்குள் டிரவுட்டின் இனச் செல்லைப் பதித்து, சால்மன் பெற்றோரிடமிருந்து டிரவுட் குஞ்சுகளை 2007இல் பெற்றார்கள். 2010இல் இன்னும் விசித்திரம். பெண் டிரவுட்டின் சூலகத்திலிருந்து எடுத்த தொடக்கநிலை இனச் செல்லை ஆண் குஞ்சுக்குள் வைத்தால் அது விந்தாகிறது, பெண் குஞ்சுக்குள் வைத்தால் முட்டையாகிறது. செல் தன் பாலினத்தை முடிவு செய்து வைத்துக்கொண்டு வரவில்லை, போய்ச் சேர்ந்த இடம்தான் முடிவு செய்கிறது. பிறகு முழுச் சூலகத்தையே உறையவைத்து, உருக்கி, அதிலிருந்த செல்லைப் பதித்தும் குஞ்சு எடுத்தார்கள்.

அழியும் நிலையில் இருக்கும் மீன் இனத்துக்கு இது எவ்வளவு பெரிய வாசல் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

பூஞ்சை பகைவர்:

எல்லாரும் பெரிய பெரிய விஷயம் பேசுகிறீர்கள். முதல் பதிவில் அந்தப் பிள்ளை கேட்ட எண்ணெய்ப் பசைக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை!

கெண்டைக்குட்டி, அது மஞ்சள் கரு. முதிர்ந்த சினையை நறுக்கினால் முட்டை உடைந்து கொட்டும். கொழுப்புத் துளி மேலே மிதக்கும், மஞ்சள் கருத் துணுக்குகள் அடியில் படிந்து செல்லை ஒட்டவிடாது. நுண்ணோக்கியில் அதைப் பார்த்துப் பாக்டீரியா என்று பயந்து மருந்தை இரட்டிப்பாக்குகிறவர்கள் உண்டு. பாக்டீரியா என்றால் மீடியா ராத்திரியோடு ராத்திரியாகக் கலங்கி மஞ்சளாகிவிடும். மஞ்சள் கரு அப்படிச் செய்யாது. இளம் மீனை எடுங்கள், மஞ்சள் கரு சேருவதற்கு முந்தைய சூலகமாக, ஒளி ஊடுருவும் மெல்லிய நாடாவாக இருக்கும்போது. பாதித் தொல்லை அங்கேயே தீரும். மேடம் சொன்ன நுண்பை வேலைக்கு வளர்ந்த மீன்தான் வேண்டும், அது தனிக் கணக்கு, அங்கே நறுக்குவதே இல்லை.

அறுக்கும்போது குடலில் கத்தி படக் கூடாது. சூலகம் சுத்தமான உறுப்பு என்று வைரஸ் வேட்டை சொன்னது உண்மை, ஆனால் பக்கத்திலேயே குடல் இருக்கிறது. முந்தைய நாள் மீனுக்குத் தீனி போடாதீர்கள். வயிற்றை 70 சதவீத ஆல்கஹாலால் துடையுங்கள். தோலைத் திறக்கும் கத்தரியும் உள்ளே நுழையும் கத்தரியும் வேறு வேறாக இருக்கட்டும். பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசினை முதல் சில கழுவல்களுக்கு மட்டும் கூடுதலாகப் போடலாம். ஆம்போடெரிசினைத் தாராளமாக ஊற்றாதீர்கள், பூஞ்சைக்கு முன்னால் உங்கள் செல் போய்ச் சேரும்.

அப்புறம் எல்-15. அது காற்றிலேயே கார அளவைப் பிடித்துக்கொள்ளும்படி அமைத்த மீடியா, கார்பன் டை ஆக்சைடு வேண்டாம். பக்கத்து ஆய்வகத்தின் மனிதச் செல் இன்குபேட்டரில் இடம் இருக்கிறதே என்று 5 சதவீத வாயுவில், அதுவும் 37 டிகிரியில் வைத்துவிடாதீர்கள். கெண்டைச் செல் ஒருவேளை கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும், டிரவுட் செல் என்றால் கதை முடிந்தது.

வைரஸ் வேட்டை:

பகைவர் சொன்ன 'பக்கத்து ஆய்வகம்' என்றதும் ஞாபகம் வருகிறது. கெண்டைக்குட்டி, அந்த நீளச் செல் கெண்டைதான் என்று உறுதி செய்தீர்களா?

சிரிக்காதீர்கள். இபிசி என்ற வரிசை 1983இல் கெண்டையின் தோல் கட்டியிலிருந்து வந்தது என்று வெளியாகி, உலகம் முழுக்க நோய்க் கண்டறிதலில் பயன்பட்டது. 2010இல் மரபணுவைப் பார்த்தால் அது கெண்டையே இல்லை, ஃபேட்ஹெட் மின்னோ என்ற வேறு மீன். கால் நூற்றாண்டுக்கு மேல் 'கெண்டைச் செல்' என்று நம்பி எழுதிய கட்டுரைகளை என்ன செய்வது? செல் வரிசைகளை ஒரே ஹூட்டில், அதாவது கிருமி புகாத வேலைப் பெட்டியில், அடுத்தடுத்து வைத்து வேலை செய்தால் ஒரு துளி போதும், வேகமாக வளர்கிறவன் இடத்தைப் பிடித்துவிடுவான்.

விரால் மீனிலிருந்து வந்த எஸ்எஸ்என்-1 வரிசையில் வேறு மாதிரி விருந்தாளி. அந்தச் செல்லுக்குள்ளேயே ஒரு ரெட்ரோ வைரஸ் நிரந்தரமாகக் குடியிருந்தது. வைரஸ் பிடிக்க வைத்திருக்கும் செல்லுக்குள்ளேயே வைரஸ்!

எந்த இனம் என்று காட்டும் மைட்டோகாண்ட்ரியாவின் சிஓஐ மரபணுவைப் படித்துவிடுங்கள், செலவும் நேரமும் அதிகம் ஆகாது. குடுவையில் ஒளிந்து வளரும் பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவுக்கான பரிசோதனையும் சேர்த்து. குரோமோசோம் எண்ணச் சொல்லமாட்டேன். கெண்டைக்கு 100 குரோமோசோம், எல்லாம் பொடிப் பொடியாக இருக்கும். ஜீப்ரா மீனுக்கு 50தான், அவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

பசிக்காரன்:

கேவியர் ஆசை போனது. ஆனால் ஒரு சந்தேகம். மீனைக் கொல்லாமல் சோதிக்கத்தானே இதெல்லாம்? சீரத்துக்குக் கன்றின் கருவைக் கொல்கிறீர்களே?

நுண்பை:

உண்மை, அந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. சீரம் இல்லாமல் வளர்க்கும் முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் பாலூட்டிச் செல்லுக்கு விற்பதுபோல மீன் சூலகச் செல்லுக்கு ஆயத்த மீடியா கையில் கிடைப்பதில்லை. மீன் சீரத்தைப் போட்டால் அந்த மீனின் பாலினம், பருவத்துக்கு ஏற்ப அதில் இருக்கும் ஹார்மோன் மாறும், எங்களைப் போன்றவர்களுக்கு இன்னும் மோசம். ஒரு நாள் நுண்பைச் சோதனையில் சீரமே தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கு மீன் சாக வேண்டும். ஒரே மீனின் சூலகத்திலிருந்து நூற்றுக்கணக்கான நுண்பைகள் கிடைப்பதால் மீனின் எண்ணிக்கை குறையும், பூஜ்யமாகாது.

கெண்டைக்குட்டி:

டெஸ்டோஸ்டிரோன் கொடுத்துப் பார்த்தேன். எஸ்ட்ராடையால் அசையவே இல்லை. அரோமடேஸ் மரபணுவையும் பிசிஆரில் பார்த்தேன், புதுச் சூலகத்தில் பளிச்சென்று வருகிறது, நீளச் செல்லில் ஒன்றுமே இல்லை. சிஓஐ மட்டும் கெண்டை என்றே வந்தது, அந்த மட்டில் நிம்மதி.

நுண்பை வழிக்கு மாறுகிறேன். நீளச் செல்லை வைரஸ் வேலைக்காக உறையவைத்து எடுத்துவைக்க நினைக்கிறேன். உறையவைக்கும் முன் எத்தனை பாசேஜ் வரை காத்திருப்பது நல்லது?

பழைய பிளாஸ்க்:

காத்திருக்கவே வேண்டாம். இன்று எந்தப் பாசேஜில் இருக்கிறதோ அதிலேயே சில குப்பிகளை உறையவையுங்கள், பிறகு இடைவெளி விட்டு மறுபடியும். செல் வரிசை நாளாக நாளாக மாறிக்கொண்டே போகும். பத்தாவது பாசேஜில் வைரஸ் பிடித்த செல், நூறாவதில் பிடிக்காமல் போகலாம். திரும்பிப் போகப் பழைய குப்பி இருந்தால்தான் எது மாறியது என்று கண்டுபிடிக்க முடியும்.

நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும் குடுவையாக எடுங்கள், நெருக்கியடித்து நின்றுபோனதை எடுக்காதீர்கள். உறையும்போது செல்லைக் காக்கும் டிஎம்எஸ்ஓ 10 சதவீதம், மீதி சீரமும் மீடியாவும். நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற வேகத்தில் மைனஸ் 80 வரை இறக்கி, அப்புறம் திரவ நைட்ரஜனுக்கு மாற்றுங்கள். குப்பியின் மேல் 'கெண்டை சூலகம்' என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். எந்தப் பாசேஜ், எந்த மீடியா, சிஓஐ பார்த்த தேதி, அரோமடேஸ் இல்லை என்பது வரை எழுதுங்கள். ஒரு குப்பியை அடுத்த வாரமே உருக்கி உயிர் பிழைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அது ஒட்டி வளர்ந்த பிறகுதான் ஓடும் குடுவையைக் கொட்ட வேண்டும்.